உள்ளுறை நோயாளி: வேலூர் ஆய்வும் திருப்பூர் வாசலும்

1

இலக்கியம் படித்தவனுக்கு மருத்துவ ஆய்விதழில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிரதிகளை வாசிப்பது என் பிழைப்பு. மருத்துவ ஆய்வுக் கட்டுரையும் ஒரு பிரதிதான். அதற்கும் யாப்பு உண்டு: முன்னுரை, முறை, முடிவு, விவாதம். அதற்கும் சொல்லும் குரல் உண்டு; அந்தக் குரல் 'நான்' என்று சொல்லாது. அதற்கும் மௌனங்கள் உண்டு. எந்தப் பிரதியையும் போல அதுவும் தான் சொல்ல வந்ததைவிடக் கூடுதலாக எதையோ சொல்லிவிடுகிறது.

நான் இங்கே வாசிக்க எடுத்துக்கொள்வது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பூச்சிமருந்து நஞ்சுக்கான சிகிச்சை பற்றி நடந்த ஆய்வுகளை. குறிப்பாக, ஜான் விக்டர் பீட்டர் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர் தன் சக மருத்துவர்களோடு 1990களின் நடுவில் தொடங்கி, பத்தாண்டுகளுக்கும் மேல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு கேள்வியை. 'நாம் கொடுக்கிற மாற்றுமருந்து உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா?' இவ்வளவுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை அதன் போக்கில் பின்தொடர்ந்தால், அது வார்டை விட்டு வெளியே வந்து கடைத்தெருவில் போய் நிற்கிறது. எழுதுகிறவர்களும் இயக்கத்துக்காரர்களுமான நாம் அந்தக் கடைத்தெரு வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் வாதம்.

2

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக. செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடனே துடைத்துவிட ஒரு நொதி இருக்கிறது. கரும்பலகையில் எழுதியதை அழித்தால்தானே அடுத்த வரி எழுத முடியும், அந்த மாதிரி. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் இந்த நொதியைப் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. அழிக்க ஆளில்லாமல் எழுத்தின் மேல் எழுத்தாகச் செய்தி குவிகிறது. வாயில் எச்சில், உடம்பெல்லாம் வியர்வை, நுரையீரலில் நீர். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது. தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் ஓய்ந்துபோகின்றன. மூச்சுவிடுவதும் தசையின் வேலைதான்.

இதற்கு மருத்துவர் கையில் இருப்பவை இரண்டு மருந்துகள். அட்ரோபின், எச்சிலையும் நுரையீரல் நீரையும் வற்றவைக்கும். ஓய்ந்த தசையை எழுப்பாது. அடுத்தது பிராலிடாக்சைம். மருத்துவமனை வழக்கில் 'பாம்'. நொதியைப் பிடித்திருக்கும் நஞ்சை நெம்பி எடுப்பது இதன் வேலை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நேரம் ஆக ஆக நொதியும் நஞ்சும் பிரிக்கவே முடியாதபடி இறுகிவிடுகின்றன. சில வகை நஞ்சுகளில் ஒரு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. சிலவற்றில் மூன்று நான்கு மணி நேரத்திலேயே பாதி நொதி இறுகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு 'பாம்' ஏற்றினாலும் இறுகியதை நெம்ப முடியாது.

மருந்தின் வரலாற்றை இங்கே கவனிக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்தும் நரம்பைத் தாக்கும் போர்வாயுவும் ஒரே வயிற்றில் பிறந்தவை. 1930களில் ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் கையில்தான் 'டாபுன்' என்ற போர்வாயு அகப்பட்டது. 1950களில் அமெரிக்காவில் உருவான பிராலிடாக்சைமை ராணுவங்கள் சிப்பாய்களுக்காக வாங்கி வைத்தன. போர்க்களத்துச் சிப்பாய் ஆரோக்கியமானவன். நஞ்சு அவனுக்கு மூச்சு வழியாகச் சிறிதளவே போகும். நஞ்சு தாக்கிய சில நிமிடங்களில் தன் தொடையில் தானே ஊசியைக் குத்திக்கொள்வான்.

ஒவ்வொரு பிரதிக்குள்ளும் அது எதிர்பார்க்கிற ஒரு வாசகர் ஒளிந்திருப்பதாக இலக்கியக் கோட்பாட்டில் சொல்வோம். மருந்துக்கும் அப்படி ஒரு நோயாளி உண்டு. சங்கக் கவிதையிலிருந்து சொல்லெடுத்து இவரை 'உள்ளுறை நோயாளி' என்று அழைக்கலாம். பிராலிடாக்சைமின் உள்ளுறை நோயாளி அந்தச் சிப்பாய். தாராபுரத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து டெம்போவில் ஏற்றப்பட்டு, முதலில் உள்ளூர் டாக்டர், அப்புறம் தாலுகா ஆஸ்பத்திரி, அப்புறம் பெரியாஸ்பத்திரி என்று கைமாறிக் கைமாறி வருகிற ஆள், நிச்சயமாக அந்த மருந்தின் உள்ளுறை நோயாளி அல்ல. பாடநூல் இரண்டு பேருக்கும் ஒரே மருந்தை எழுதியது.

3

இந்தப் பிளவை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு மருந்துத் தட்டுப்பாடு. இலங்கையில் ஒரு சமயம் சில மாதங்களுக்குப் பிராலிடாக்சைம் கிடைக்கவில்லை. அப்போது அட்ரோபின் மட்டும் பெற்ற 24 பேரையும், இரண்டும் பெற்ற 21 பேரையும் டி சில்வாவும் அவருடைய சக மருத்துவர்களும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1992இல் 'லான்செட்' இதழில் வெளியான அந்தச் சிறு குறிப்பின்படி இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இல்லாமையே சோதனையாக மாறியது. நம்மைப் போன்ற நாடுகளின் அறிவு பல நேரம் இப்படித்தான் பிறக்கிறது.

வேலூர்க்காரர்கள் இதை முறைப்படி செய்தார்கள். 1996இல் வெளியான முதல் ஆய்வில் 72 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு ஒரே தடவையாக 1 கிராம். மறுபிரிவுக்குச் சில நாட்களில் சொட்டுச்சொட்டாக 12 கிராம். கூடுதல் மருந்து கூடுதல் பலன் தரவில்லை. அதிகம் பெற்றவர்களுக்குத்தான் வெண்டிலேட்டரும் அதிகம் தேவைப்பட்டது. செரியன், பீட்டர் முதலானோர் 1997இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு இன்னும் துணிச்சலானது. 110 பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மருந்து. யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி தீர்மானிக்கப்படும். கொடுக்கிற மருத்துவருக்கும் தெரியாது, பெறுகிற நோயாளிக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களில் 29 சதவீதம் பேர் இறந்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் 5 சதவீதம்.

சாகக் கிடக்கிறவருக்கு வெற்று மருந்தா என்று கொதிக்கத் தோன்றும். நானும் முதல் வாசிப்பில் அங்கேதான் நின்றேன். ஆனால் இரு பிரிவுக்கும் அட்ரோபின் உண்டு, தீவிர சிகிச்சை உண்டு. சந்தேகத்துக்குள்ளான ஒரு மருந்து மட்டும்தான் வேறுபடுகிறது. அது நல்லது செய்கிறதா என்று தெரியாமலே ஆண்டுக்கணக்காகக் கொடுத்துக்கொண்டிருந்ததும் ஒரு சோதனைதான். பதிவேடு இல்லாத சோதனை.

இந்த முடிவைச் சுவரொட்டி வாசகமாக ஆக்கிவிடக் கூடாது. வேலூரில் தொடக்கத்திலேயே பெரிய அளவாக ஏற்றவில்லை, மருந்தளவு போதவில்லை என்று விமர்சனம் வந்தது. 2006இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து 200 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 'லான்செட்'டில் வெளிவந்தது. உயர் அளவில் இடைவிடாமல் கொடுத்தால் பலன் உண்டு என்றது அது. அதே ஆண்டு பீட்டர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த ஜான் மோரனோடு சேர்ந்து அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டார். பலன் இல்லை, ஒருவேளை தீங்கும் இருக்கலாம் என்பது அதன் முடிவு. 2009இல் மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினர் இலங்கையில் 235 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் 24.8 சதவீதம் பேரும் வெற்று மருந்து பெற்றவர்களில் 15.8 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்பதால் 'தீங்கு' என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. 'பலன் தெரியவில்லை' என்றார்கள். விவாதம் மூடப்படவில்லை.

1963இல் 'மருத்துவமனையின் பிறப்பு' எழுதிய ஃபூக்கோவைத் தொட்டுக்கொண்டு மருத்துவத்தை வெளியிலிருந்து சந்தேகிப்பது நம் வட்டாரத்தில் பழகிப்போன காரியம். இங்கே சந்தேகம் உள்ளேயிருந்து வருகிறது. தன் கையிலிருக்கிற ஊசியையே சந்தேகிக்கிற மருத்துவர், அந்தச் சந்தேகத்தை எண்ணிப் பார்க்கிறார், அச்சிடுகிறார், மறுப்பை எதிர்கொள்கிறார், மறுபடி எண்ணுகிறார். நம் விமர்சனச் சண்டைகளில் எத்தனை பேர் இப்படிச் செய்திருக்கிறோம்? சும்மா கேட்டு வைக்கிறேன்.

4

இனி அட்டவணையின் மௌனங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்பதை எண்ணாக மாற்ற ஓர் அளவுகோல் உண்டு. 'அப்பாச்சி 2' என்று பெயர். 1985இல் அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிகளை வைத்து வில்லியம் நாஸ் குழுவினர் உருவாக்கியது. காய்ச்சல், ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, உப்புகள், நினைவு நிலை, வயது, பழைய நோய் எல்லாவற்றையும் அது கேட்கும். எத்தனை மணி நேரம் பயணம் செய்து வந்தீர்கள் என்று கேட்காது. எத்தனை ஆஸ்பத்திரி வாசலில் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்காது. உடம்பைக் கேட்கிறது, ஊரைக் கேட்பதில்லை.

தீவிர சிகிச்சை என்ற கருத்தே ஒரு பற்றாக்குறையில் பிறந்ததுதான். 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது மூச்சு இயந்திரங்கள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து நிபுணரின் யோசனைப்படி மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறைபோட்டு உட்கார்ந்து, கையால் ரப்பர்ப் பையை அழுத்தி அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சூட்டினார்கள். அந்தப் பை இன்றும் இங்கே இருக்கிறது. வெண்டிலேட்டர் காலியாக இல்லாத வார்டில் அதை அழுத்துகிறவர் மாணவர் அல்ல; தாய், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர். 'விடாம அமுக்குங்க' என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போகிறார். இந்தக் கைகள் எந்த அட்டவணையிலும் இல்லை.

ஆனாலும் நோயாளியின் உடம்பைக் கூர்ந்து பார்க்கிற வேலை வீண்போவதில்லை. 1987இல் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கராலியத்தவும் பத்தே நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் நினைக்கிற இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் திடீரென்று மூச்சு நின்றுபோவது ஏன் என்பதை அது விளக்கியது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது அதன் முன்னறிகுறி. 'இடைநிலைக் கூறு' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதற்கு முன்பு அது விதி. வைத்த பிறகு, தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டிய ஒரு காரியம்.

5

இப்போது கடைத்தெருவுக்கு வருவோம். இலங்கையில் நஞ்சு வார்டுகளில் வேலை செய்தவர்களின் கணக்கு ஒரு கட்டத்தில் சிகிச்சையைத் தாண்டிப் போனது. எல்லா நஞ்சும் ஒரே மாதிரி கொல்வதில்லை. எது விற்பனையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இறப்பு மாறுகிறது. இலங்கை அரசு 1984இல் பாரத்தியானையும், 1995இல் மானோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கடும் நஞ்சுகளையும், 1998இல் எண்டோசல்பானையும் நிறுத்தியது. 1995இல் லட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த பத்தாண்டில் பாதியாகக் குறைந்தது. இவ்வளவுக்கும் அது யுத்த காலம். வேலையின்மை, மது, குடும்ப முறிவு எதுவும் அந்தச் சரிவை விளக்கவில்லை. 1995க்கும் 2015க்கும் இடையில் இதனால் சுமார் 93,000 உயிர்கள் தப்பியிருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவும் எட்ட முடியாத எண்ணிக்கை இது. விளைச்சல் குறைந்ததாகவும் தெரியவில்லை.

வீட்டிலேயே பூட்டி வைத்தால் போதாதா? அதையும் சோதித்தார்கள். 180 கிராமங்களில், 50,000க்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடந்த அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பூட்டுப் பெட்டியால் பயனில்லை. சாவி வீட்டில்தானே இருக்கும்? தமிழ்நாட்டில் 'ஸ்நேகா' அமைப்பை 1986இல் தொடங்கிய லட்சுமி விஜயகுமார், காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் வேறு வழியை முயன்றார். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து எடுத்து ஊர்ப் பொதுக் காப்பகத்தில் வைப்பது. வீட்டுக்கும் நஞ்சுக்கும் நடுவே கொஞ்சம் நடை, கொஞ்சம் நேரம், ஒரு மனித முகம்.

அந்தக் கொஞ்ச நேரம் ஏன் முக்கியம் என்பதைத்தான் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டும். இலங்கையில் பிழைத்தவர்களிடம் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் முடிவெடுத்ததற்கும் செய்ததற்கும் இடையே அரை மணி நேரம்கூட இல்லை என்றார்கள். எது கைக்கெட்டியதோ அது. நம் கதைகளும் நாடகங்களும் தெருமுனைக் கூட்டங்களும் தற்கொலையை ஒரு வாக்கியத்தின் முற்றுப்புள்ளியாகக் கட்டமைத்து வந்திருக்கின்றன: கடன், காதல், சாதி, முதலாளி, ஆகவே மரணம். காவல்துறைப் பதிவோ இதற்கு நேரெதிராக 'தீராத வயிற்று வலி காரணமாக' என்று ஒரே வரியில் எல்லாக் காரணங்களையும் புதைத்துவிடும். தற்கொலை முயற்சி குற்றமாக இருந்த காலம் அது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் அந்தப் பயத்தைப் பெருமளவு தளர்த்தியது. வயிற்று வலியும் பொய், முற்றுப்புள்ளியும் பொய். கடன் உண்மை, சாதி உண்மை, ஆனால் அவை அந்த அரை மணி நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. காரணத்தை மாற்றத் தலைமுறை ஆகலாம். அலமாரியில் இருக்கும் பொருளை மாற்ற ஓர் அரசாணை போதும்.

6

இனி நம்மூர். 2010ஐ ஒட்டித் திருப்பூரின் தற்கொலைகள் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. ஒன்றரை ஷிப்டு, பீஸ் ரேட், சனிக்கிழமைச் சம்பளம், வட்டி, ஊர்விட்டு ஊர் வந்த தனிமை எல்லாம் பேசப்பட்டன. பேச வேண்டியவைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டு வாசலிலேயே ஒரு பொருள் இருந்தது: சாணிப் பவுடர்.

வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் விடிகாலையில் சாணி கரைத்து வாசல் தெளிப்பது வழக்கம். மாடு போய்விட்டது, பத்துக்குப் பத்து லைன் வீட்டில் மாட்டுக்கு ஏது இடம்? வழக்கம் போகவில்லை. சாணியின் நிறத்தை மட்டும் பொட்டலத்தில் கட்டிக் கடையில் விற்றார்கள். 'சாணி எங்கீங்க கிடைக்குது, பவுடர் வாங்கியாந்து தெளிச்சா முடிஞ்சுது' என்பார்கள். பொருள் போய்க் குறி மட்டும் மிஞ்சுவது பற்றி போத்ரியாரைப் படித்துவிட்டுப் பேசுகிற நாம், நம் வாசலையே பார்த்திருக்கலாம்.

அந்த நிறம் சாயம். மஞ்சள் என்றால் ஆரமின், பச்சை என்றால் மாலகைட் கிரீன். இதைக் கேட்டதும் 'அப்போ சாயப்பட்டறைதானே காரணம்' என்று தாவத் தோன்றும். நொய்யலை அழித்ததும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னதும் நம் நினைவில் இருப்பதால். இந்தத் தாவல் தவறு. பருத்திப் பனியன் துணிக்குப் போடுகிற சாயம் வேறு வகை. ஆரமினும் மாலகைட் கிரீனும் பட்டு, கம்பளி, சணல், காகிதம் போன்றவற்றுக்கு உரியவை. காசநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் ஒளிரவைக்க ஆய்வுக்கூடத்தில் ஆரமின் பயன்படுகிறது. அதே கிருமியை வளர்க்கும் ஊடகத்தில் மாலகைட் கிரீன் சேர்கிறது. ஆரமின் தயாரிக்கிற வேலையே புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. உணவில் இவற்றைக் கலப்பது குற்றம். வாசலில் தெளிப்பது உணவில்லையே! சட்டத்தின் கண் சமையலறையைப் பார்த்தது, வாசலைப் பார்க்கவில்லை.

2015இல் இந்தியத் தீவிர சிகிச்சை ஆய்விதழில் இந்த நஞ்சைப் பற்றிய கட்டுரை வந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தின் பிரச்சினை என்று அது குறித்தது. உலகப் பாடநூல்களில் இதற்குப் பக்கம் இல்லை. இந்த நோயாளி எந்தப் பாடநூலிலும் உள்ளுறைந்தவர் அல்ல. மாற்றுமருந்தும் இல்லை. மூச்சையும் நாடியையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாங்கிப்பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் சிகிச்சை. எவ்வளவு, எப்படி என்பதை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. 1980இல் யாழ்ப்பாணத்தில் இரண்டு பள்ளி மாணவிகள் பொன்னரளியால் இறந்த செய்தி பரவிய பிறகு, இலங்கையில் அந்த விதை நஞ்சாகவே புழக்கத்துக்கு வந்துவிட்டது. எழுத்துக்கு அந்தச் சக்தியும் உண்டு.

2022இல் சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் சாணிப் பவுடருக்குத் தடை கொண்டுவரப்படும் என்று அறிவித்தார். 2023இல் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிபேஸ்டுக்குத் தமிழக அரசு நிரந்தரத் தடை விதித்தது. ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை மட்டும். காரணம், 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் மாநில அரசு தற்காலிகமாகத்தான் நிறுத்த முடியும். நிரந்தர அதிகாரம் தில்லியிடம். 2013இல் பீகார் பள்ளி ஒன்றில் மதிய உணவில் மானோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்த பிறகும் அந்த மருந்து பல ஆண்டுகள் சந்தையில் இருந்தது.

7

இயக்க நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, 'நஞ்சைத் தடை செய்யச் சொல்வது சீர்திருத்தவாதம், சுரண்டலை விட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிடிக்கிறீர்கள்' என்றார். சுரண்டலை விடச் சொல்லவில்லை. ஒன்றரை ஷிப்டை எதிர்த்துப் போராட அந்தத் தொழிலாளி உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன். பிழைத்து வந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்பதையும் மருத்துவ ஆய்வுகள் திரும்பத்திரும்பக் காட்டியிருக்கின்றன.

செய்யக்கூடிய வேலைகள் சின்னவை. தடை என்ற சொல்லுக்குக் கடைகளில் என்ன பொருள் என்று தெருத்தெருவாகப் போய்ப் பார்க்கலாம்; நிறம் மாறி, பெயர் மாறி விற்கிறார்களா என்று. 2022 ஜனவரியில் திருப்பூருக்கென்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே நஞ்சு நோயாளிகளுக்கான பதிவேடு, ஊர், பயண நேரம், முதலில் போன இடம் என்ற பத்திகளோடு, இருக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கலாம். செய்திக்கு அடியில் 104, 14416 என்று உதவி எண்களைக் கட்டம்கட்டிப் போடுகிற பத்திரிகைகள், அதே செய்தியின் தலைப்பில் நஞ்சின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடாமல் இருக்கலாம்.

கதை எழுதுகிற நண்பர்களுக்கு ஒன்று. அடுத்த முறை உங்கள் பாத்திரம் அந்த முடிவை நோக்கி நடக்கும்போது, அலமாரியில் என்ன இருக்கிறது, அதை யார் தயாரித்தார்கள், யார் விற்றார்கள், யார் அனுமதித்தார்கள் என்று ஒரு வரி யோசியுங்கள். அலமாரி காலியாக இருந்திருந்தால் அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு அவள் என்ன செய்திருப்பாள் என்பதையும் எழுதிப் பாருங்கள். அது இன்னும் எழுதப்படாத கதை.